மருத்துவமனை வாசலில் ஒரு தாய்வீடு

“பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி” என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி கூறும் சொல். வளைகாப்பு மேடைகளில் இதைக் கேட்கிறோம். அன்னையர் தினப் பேச்சுகளில் கேட்கிறோம். கைதட்டுகிறோம். ஆனால், அந்த மறுபிறவிக்குப் போகும் பெண் எந்தச் சாலை வழியாகப் போகிறாள், எத்தனை மணிக்குப் போகிறாள், அவள் போன பிறகு வீட்டில் நிற்கும் மூத்த பிள்ளையின் கையை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. இக்கட்டுரையில் நான் கேட்க விரும்புவது அதைத்தான்.

நான் மருத்துவ மாணவி அல்லள். கணக்கியல் பயில்கிறேன். என் ஊர் ஜோகூர் மாநிலத்தில், ரயில் பாதையில் ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையில் இருக்கும் லாயாங் லாயாங். ‘லாயாங் லாயாங்கில் பிறந்து வளர்ந்தவள்’ என்று எழுத ஆசைதான். ஆனால், அதில் பாதிதான் உண்மை. வளர்ந்தது அங்கே, பிறந்தது குளுவாங் மருத்துவமனையில். என் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் அப்படித்தான். குளுவாங்கிலோ கூலாயிலோ பிறந்து, துணியில் சுற்றப்பட்டு ஊருக்கு வந்தவர்கள். எங்கள் ஊரில் யாரும் ஊரில் பிறப்பதில்லை. இது நாடு அடைந்த முன்னேற்றத்தின் அடையாளம். அதே வேளையில், எங்கள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரும் வலியோடு ஒரு பயணம் போக வேண்டியிருக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

பாட்டி போன லோரி

1971ஆம் ஆண்டு. என் பாட்டிக்கு அப்போது இருபது வயது. லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம். தோட்டத்தில் ஒரு டிரெசர் இருந்தார். லயத்தில் ஒரு மருத்துவச்சி இருந்தார். இரண்டு நாள் வலி கண்டும் பிள்ளை இறங்கவில்லை. “இனி என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்று மருத்துவச்சி கைவிரித்தபோது விடியற்காலை. தோட்டத்தில் இருந்த ஒரே வண்டி பால் ஏற்றும் லோரி. அது பாலை இறக்கிவிட்டுத் திரும்பும் வரை காத்திருந்தார்கள். செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி அவர் மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. பாட்டி பிழைத்தார். ஆண்பிள்ளை பிழைக்கவில்லை.

பாட்டி இதை அழுதுகொண்டு சொல்வதில்லை. “கொஞ்சம் முந்தியே போயிருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்று மட்டும் சொல்வார். அந்த ‘கொஞ்சம் முந்தி’ என்ற சொல்லைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

அக்காலத்தில் நாட்டின் கிராமப்புறச் சுகாதாரச் சேவை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. நான்காயிரம் பேருக்கு ஒரு கிராமக் கிளினிக், அதில் பயிற்சி பெற்ற தாதி என்ற இரண்டடுக்கு முறை 1970களில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், தோட்டங்கள் தனியார் நிலம். கிராமத்துக்குள் நுழைந்த சாலையும் கிளினிக்கும் தோட்டத்துக்குள் அவ்வளவு எளிதாக நுழையவில்லை. கிராமத்துப் பெண்ணுக்கு அரசாங்க மிஸ்ஸி சைக்கிளில் வந்தார். தோட்டத்துப் பெண்ணுக்கு டிரெசர்தான் கதி. இதை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

அண்ணியும் என் தோழியும்

இன்று நிலைமை மாறிவிட்டது என்பதை மறுக்க முடியாது. 1957இல் உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் நம் நாட்டில் இறந்துகொண்டிருந்தனர். 2000ஆம் ஆண்டுகளில் அது 30ஐ ஒட்டி வந்தது. கோவிட் தொற்று உச்சத்தில் இருந்த 2021இல் மட்டும் 68க்கு உயர்ந்து, பின்னர் இறங்கியது. இந்தச் சாதனையை மற்ற நாடுகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்காட்டி உலக வங்கி 2003இல் ஒரு நூலே வெளியிட்டது. 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் இரகசியமாக விசாரித்து, எங்கே தவறு நேர்ந்தது என்று கண்டறியும் முறையும் நம் நாட்டில் உண்டு.

கர்ப்பிணிகளின் பதிவுப் புத்தகத்தில் ஒட்டப்படும் வண்ண வில்லைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை என்றால் கிளினிக் தாதியே கவனிக்கலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவமனை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மிக எளிய முறை, படிக்காதவரும் புரிந்துகொள்ளலாம். ஆனால், வில்லை ஆபத்தைக் காட்டுமே தவிர, பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகாது.

கடந்த ஆண்டு என் அண்ணியின் புத்தகத்தில் மஞ்சள் வில்லை ஒட்டினார்கள். இரண்டாவது பிள்ளை. நஞ்சு கருப்பை வாயை மூடியபடி கீழே இருந்தது. இரத்தம் போகத் தொடங்கினால் நிமிடக் கணக்குத்தான் என்றும், ஒன்பதாவது மாதம் பிறக்குமுன் மருத்துவமனையிலோ அதன் அருகிலோ இருந்துவிடுவது நல்லது என்றும் மருத்துவர் சொன்னார். அண்ணி கேட்ட முதல் கேள்வி: “மூத்தவனை யார் பார்த்துக்குவா?” அவனுக்கு அப்போது மூன்று வயது. அண்ணியின் தாய்வீடோ பேராவில்.

எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. குளுவாங்கில் சித்தி இருக்கிறார். மருத்துவமனைக்குக் காரில் பத்து நிமிடம். அண்ணியும் மூத்தவனும் மூன்று வாரம் சித்தி வீட்டில் தங்கினார்கள். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. இரண்டரைக்கெல்லாம் அவர் அறுவை அறையில் இருந்தார். இப்போது அந்தக் குழந்தை தவழ்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அந்த நேரத்தில் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

அதே ஆண்டு, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் என் பக்கத்தில் அமர்ந்து படித்த தோழிக்கும் இரண்டாவது பிரசவம். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மருத்துவமனையில் தங்கச் சொன்னார்கள். இரண்டு நாள் தங்கினாள். மூன்றாம் நாள், சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்து நாள் கழித்து, செம்பனைத் தோட்டத்துச் சாலையைத் தாண்டுமுன்னே காரின் பின்னிருக்கையில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

செய்தி கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. “இந்தக் காலத்திலும் இப்படிப் பொறுப்பில்லாமல் இருப்பார்களா?” என்று அம்மாவிடம் சொன்னேன். எங்கள் தாமானில் பலரும் அப்படித்தான் பேசினார்கள். பிறகு அவளைப் பார்க்கப் போனேன். அவள் சொன்ன பதில் என்னை வாயடைக்க வைத்தது: “உங்க அண்ணிக்குக் குளுவாங்ல சித்தி இருக்காங்க. எனக்கு யார் இருக்கா, சொல்லு.”

என் அண்ணிக்கும் என் தோழிக்கும் இருந்த வேறுபாடு அறிவில் இல்லை, பொறுப்பில் இல்லை, படிப்பில்கூட இல்லை. பட்டணத்தில் ஒரு சித்தி இருக்கிறாரா இல்லையா என்பதில் இருந்தது. ஒரு பெண்ணின் உயிர் அவளுக்கு எங்கே சித்தி வாய்த்தார் என்பதைப் பொறுத்து இருக்கலாமா?

சித்தி இல்லாதவர்களுக்கு ஒரு வீடு

இந்தக் கேள்விக்கு உலகம் ஏற்கெனவே ஒரு விடை கண்டிருக்கிறது. ‘மகப்பேறு காத்திருப்பு இல்லம்’ என்பது அதன் பெயர். மருத்துவமனைக்கு அருகில் ஒரு வீடு. தொலைவில் வாழும் கர்ப்பிணிகளும், சிக்கல் உள்ள கர்ப்பிணிகளும் பிரசவத் தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்து அங்கே தங்குவார்கள். வலி கண்டதும் நடந்தே மருத்துவமனைக்குப் போய்விடலாம். அது வார்டு அன்று. ஊசி மருந்து அங்கே இல்லை. வெறும் வீடுதான்.

கியூபா நாட்டில் முதல் இல்லம் 1962இல் கமகுவே மாநிலத்தில் திறக்கப்பட்டது. 1984க்குள் அவை 85 ஆகப் பெருகின. ஏறத்தாழ அதே காலத்தில் அங்கு மருத்துவமனைப் பிரசவங்கள் 63 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காட்டுக்கு உயர்ந்தன. அதற்கு இல்லங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மருத்துவர்களும் சாலைகளும் பெருகிய காலம் அது. ஆனால், தொலைவில் இருந்த பெண்களை மருத்துவமனைக் கதவு வரை கொண்டுவந்ததில் அவ்வில்லங்களுக்குப் பங்கு உண்டு.

எத்தியோப்பியாவில் அட்டாட் மருத்துவமனை 1976 முதல் இத்தகைய இல்லத்தை நடத்தி வருகிறது. 1987 முதல் 2008 வரையிலான அதன் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். இல்லத்தில் தங்கிப் பிரசவித்தவர்களில் இலட்சத்துக்கு 90 பேர் அளவில் இறந்திருந்தனர். நேரடியாக வந்தவர்களில் இலட்சத்துக்கு 1,333 பேர். நேரடியாக வந்தவர்களில் பலர் வழியிலேயே ஆபத்தான நிலையை அடைந்தவர்கள் என்பதை மறந்து இந்த எண்களை ஒப்பிடக் கூடாது. ஆனால், ‘வழியிலேயே’ என்ற சொல்தானே இங்கே முக்கியம்? என் பாட்டியும் லோரியில் வழியிலேயே இருந்தார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல், தொலைதூரப் பகுதி மக்களுக்கு இத்தகைய இல்லங்களைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் ஒடிசா மாநிலத்தில் ‘மா க்ருஹ’, அதாவது தாய் இல்லம் என்ற பெயரில் இவை தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் பழங்குடியினர் வாழும் மலைப் பகுதிகளுக்காக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டன. நம் நாட்டிலும், கிழக்குக் கரை மாநிலங்களில் பருவமழை வெள்ளம் வருமுன் தேதி நெருங்கிய தாய்மார்களை மருத்துவமனைக்கு மாற்றும் வழக்கம் உண்டு. ஆக, இது நமக்குப் புதிய கருத்து அன்று.

இன்னும் சொல்லப்போனால், தமிழர்களாகிய நமக்கு இது மிகப் பழைய கருத்து. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோமே, அது என்ன? கடைசி நேரத்தில் பயணம் வேண்டாம், முன்கூட்டியே பாதுகாப்பான இடத்தில், வேலைப்பளு இல்லாமல், அன்பானவர்கள் நடுவில் காத்திருக்கட்டும் என்பதுதானே அதன் பொருள்? இன்று வளைகாப்புக்கு மண்டபம் எடுக்கிறோம்; மேடை அலங்காரத்துக்கும் புகைப்படக்காரருக்கும் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறோம். வளையலை வைத்துக்கொண்டோம், அதன் பின்னால் இருந்த ஏற்பாட்டை மறந்துவிட்டோம்.

கட்டினால் மட்டும் போதுமா?

‘அப்படியானால் இல்லங்களைக் கட்டிவிட வேண்டியதுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். அங்குதான் சிக்கல். உலகின் பல இடங்களில் இத்தகைய இல்லங்கள் கட்டப்பட்டு, பெண்கள் வராமல் கட்டில்கள் காலியாகக் கிடந்திருக்கின்றன. ஏன் வரவில்லை என்று கேட்டபோது, வெவ்வேறு நாட்டுப் பெண்களும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. கணவரோ மாமியாரோ சம்மதிக்கவில்லை. அங்கே சாப்பாட்டுக்கு வழியில்லை. துணைக்கு யாரும் தங்க இடமில்லை.

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மேய்ன் என்ற இரு ஆய்வாளர்கள், தாய்மார்களின் மரணத்துக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று எழுதினார்கள். போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். காத்திருப்பு இல்லம் இரண்டாவது தாமதத்தைத்தான் நேரடியாகத் தீர்க்கிறது. முதல் தாமதம் வீட்டுக்குள் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் இல்லத்தை மட்டும் கட்டினால், அது கட்டடமாகத்தான் இருக்கும், வீடாக இருக்காது.

கணக்கியல் மாணவி என்பதால் என் தோழியின் முடிவைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். அரசாங்க மருத்துவமனை மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். பதினான்கு நாளுக்கு 42 ரிங்கிட். இதைப் பார்த்துவிட்டு, ‘இதுகூடக் கட்ட முடியாதா?’ என்று நாம் கேட்கிறோம். ஆனால், பட்டியல் அத்துடன் முடியவில்லை. அவள் இல்லாதபோது இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்க்கக் கணவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு நாள் ஊதியம் 65 ரிங்கிட் 38 சென். பன்னிரண்டு வேலை நாள் போனால் 784 ரிங்கிட் 56 சென். மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. அதன்மேல் போக்குவரத்து, வெளிச் சாப்பாடு, கார்க் கடன். இந்தக் கணக்கை நான் பல்கலைக்கழக மேசையில் அமர்ந்து போட்டேன். என் தோழி அதை வார்டுக் கட்டிலில் படுத்தபடி, காகிதமும் பேனாவும் இல்லாமல் போட்டாள். அவள் கணக்கில் தவறு இல்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட எண்கள்தான் தவறு.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, வரவேற்கிறோம். ஆனால், பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம் ஒரு பெண் காத்திருக்கப் போனால், அந்த நாள்களும் இந்த 98லிருந்துதான் கழியும். பிள்ளையோடு இருக்க வேண்டிய நாள்களைக் கொடுத்துத்தான் பாதுகாப்பை வாங்க வேண்டும். தந்தையருக்கு அதே திருத்தத்தில் கிடைத்தது தொடர்ச்சியாக 7 நாள். அதைப் பிரசவத்துக்குப் பின் எடுப்பாரா, முன்னால் மூத்த பிள்ளையைப் பார்க்க எடுப்பாரா?

கோம்பாக் காட்டிய வழி

குடும்பத்தைப் பிரிக்காமல் சிகிச்சை தர முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1950களின் பிற்பகுதியில் கோம்பாக்கில் ஓராங் அஸ்லி மக்களுக்காக ஒரு மருத்துவமனை உருவானது. காட்டிலிருந்து வரும் நோயாளி தனியாக வர அஞ்சுவார் என்பதை அங்கே பணியாற்றிய டாக்டர் மால்கம் போல்டன் போன்றவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகவே, குடும்பத்தாரும் உடன் வந்து தங்க இடமளித்தார்கள். ‘நோயாளி மட்டும் உள்ளே, மற்றவர்கள் வெளியே’ என்ற சட்டத்தை நோயாளிக்காகத் தளர்த்தினார்கள். மக்கள் வந்தார்கள்.

இது எங்கோ இருக்கும் மக்களின் கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் குளுவாங் மாவட்டத்தின் கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் காட்டு ஓரத்தில் இருக்கும் கம்போங் பெத்தாவுக்கு ஏறக்குறைய 56 கிலோமீட்டர் காட்டு வழி. அங்கே ஜாக்குன் மக்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள பெண்ணுக்கு வலி கண்டால் எந்தச் சித்தி வீட்டுக்குப் போவாள்? பட்டணத்தில் உறவு இல்லாத தோட்டத்துப் பெண்ணும், காட்டோரத்து ஜாக்குன் பெண்ணும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆகவே, நாம் கேட்கும் இல்லம் நமக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது.

சில மறுப்புகள்

‘இப்போது எல்லார் வீட்டிலும் கார் இருக்கிறது, இது தேவையா?’ என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான பெண்களுக்குத் தேவையில்லைதான். வெள்ளை வில்லை உள்ள, வீட்டில் காரும் ஆளும் உள்ள பெண் வலி வந்த பிறகு கிளம்பினால் போதும். ஆனால், மஞ்சள் வில்லை உள்ள பெண்ணுக்குக் கார் இருந்தும் நேரம் இருக்காது. மேலும், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் வந்த பெருவெள்ளத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சிலும் வெள்ளம் வந்தது. சாலை மூழ்கினால் எந்தக் கார் ஓடும்?

‘மருத்துவமனையிலேயே படுக்கவைத்துவிடலாமே?’ என்பது இன்னொரு கேள்வி. இரத்தம் போகிறவரும், இரத்த அழுத்தம் கட்டுக்கு அடங்காதவரும் வார்டில்தான் இருக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கண்காணிப்பு மட்டும் தேவைப்படுகிறவர் வாரக்கணக்கில் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவசர நோயாளிக்கு இடம் இருக்காது. வார்டில் மூத்த பிள்ளையும் தங்க முடியாது. பிள்ளையைப் பிரிந்த தாய் அங்கே நிம்மதியாக இருக்கவும் மாட்டாள்; கையொப்பமிட்டுவிட்டு ஓடிவிடுவாள். என் தோழி செய்தது அதைத்தான்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, குளுவாங் போன்ற நிபுணத்துவ மருத்துவமனைகளின் அருகே ஒரு சாதாரண வீடு போதும். நான்கைந்து அறைகள், ஒவ்வோர் அறையிலும் தாயும், ஒரு துணையும், ஒரு சிறு பிள்ளையும் தங்க வசதி. கட்டாயம் ஒரு சமையலறை வேண்டும். எத்தியோப்பியாவின் இல்லங்களில் பெண்கள் தங்கள் வழக்கப்படி காப்பி வறுத்துக் காய்ச்சிக் கூடிக் குடிப்பார்களாம். நம் பெண்ணுக்கும் ஒரு ரசம் வைக்க அடுப்பு இருந்தால்தான் அது வீடு.

இரண்டாவதாக, ஏழாம் மாதப் பரிசோதனையின்போது கிளினிக்கில் இரண்டு கேள்விகள் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். ‘கடைசி வாரங்களில் எங்கே தங்கப் போகிறீர்கள்? மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?’ இரத்த அழுத்தத்தைக் குறித்து வைப்பதுபோல் இந்தப் பதில்களையும் புத்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். கணவரும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டால் இன்னும் நல்லது. ‘சாதகம் பார்த்துச் சொல்கிறோம்’, ‘நல்ல நாள் பார்த்து அனுப்புகிறோம்’ என்று இழுப்பவர்களுக்கும் அப்போதே பேசிப் புரியவைக்கலாம்.

மூன்றாவதாக, மருத்துவர் எழுத்து மூலம் அறிவுறுத்திய காத்திருப்பு நாள்கள் 98 நாளில் சேராதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும். தந்தையின் 7 நாளையும் பிரித்து எடுக்க இடம் வேண்டும்.

நான்காவது, நம் கையில் இருப்பது. அரசாங்கம் செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? மருத்துவமனை இருக்கும் ஊர்களில் கோயில்கள் உண்டு; அவற்றுக்கு மண்டபமும் உண்டு. பூட்டிக் கிடக்கும் வீடுகள் உண்டு. தோட்டத்திலிருந்து வெளியேறிப் பட்டணத்தில் நன்றாக வாழும் குடும்பங்களும் உண்டு. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பு ஓர் அறையைத் தரத் தயாராக இருக்கும் பத்துக் குடும்பங்களின் பட்டியல் ஒரு கிளினிக்கில் இருந்தால், அதுவே ஒரு தொடக்கம். விடுமுறையில் ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் அந்தப் பட்டியலைத் தயாரிக்கலாம். தமிழ்ப் பேரவை முகாம்களில் பாடம் நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், இதையும் செய்யலாம்.

எங்கள் ஊர்ப் பக்கத்து உலு ரெமிஸ் என்ற பெயரைச் செம்பனை ஆராய்ச்சியாளர்கள் நன்கு அறிவார்கள். அங்கே உருவான விதை வகை அவ்வளவு புகழ் பெற்றது. ஒரு செம்பனை விதையை நட்டால், அதைக் கன்றாக நாற்றுப்பண்ணையில் ஏறக்குறைய ஓராண்டு நிழலும் நீரும் கொடுத்துப் பேணிய பிறகுதான் தோட்டத்தில் வைப்பார்கள். அந்தக் கன்றுகளைப் பேணியவர்களில் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் உண்டு. அவர்களுடைய மகளுக்கும் பேத்திக்கும் பிரசவத்துக்கு முன் நான்கு வாரம் பேணிக்காக்க ஓர் இடம் கேட்பது பேராசையா?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்பவே அப்படி ஒரு வீடு இருந்திருந்தா, உனக்கு ஒரு பெரியப்பா இருந்திருப்பாரு” என்றார்.

என் தோழியைப் ‘பொறுப்பில்லாதவள்’ என்று நான் சொன்ன சொல்லை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொறுப்பில்லாமல் இருந்தது அவள் அல்லள். அவளுக்குச் சித்தி இல்லை என்று தெரிந்தும், அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் இருந்த நாம்தான். மாணவ நண்பர்களே, சிந்திப்போம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, நம் தெருவில் நிறைமாதமாக இருக்கும் பெண்ணிடம் அந்த இரண்டு கேள்விகளையும் நாமே கேட்போம்.